செல்வி சுமந்து போட்ட தளம்

செந்தமிழ்ச்செல்விக்குச் சிமெண்ட் தரை என்றால் அவ்வளவு பிரியம். கேட்டுச் சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளட்டும். விடிந்தால் மரவள்ளிக் கொல்லையிலோ நெல் வயலிலோ இறங்கி, பொழுது சாயும்போது நகக்கண்ணெல்லாம் மண்ணோடு வீடு திரும்புகிறவளுக்குத்தான் தெரியும், கால் வைத்தால் மண் ஒட்டாத ஒரு தரை எப்பேர்ப்பட்ட பொருள் என்று.

வடக்கனந்தலைத் தாண்டி மேற்கே போகிற சாலையில், கல்வராயன் மலை எட்டித் தொடுகிற தூரத்தில் நிற்பதுபோல் தெரியும் ஒரு சிற்றூர் அவளுடையது. முழுப்பெயரைச் சொல்லி அவளை யாரும் கூப்பிட்டதில்லை. ஊருக்கு அவள் செல்வி. புருஷன் சின்னராசு, கரும்பு வெட்டுகிற பருவத்தில் லாரியில் லோடு ஏற்றுவான், மற்ற நாளில் ஜவ்வரிசி ஆலையில் மூட்டை தூக்குவான். ஒரே மகள் தமிழ்மொழி, ஊர்த் தொடக்கப் பள்ளியில் நான்காம் வகுப்பு.

அந்தப் பள்ளிக்கூடத்தின் முன்முற்றத்துச் சிமெண்ட் தளம் செல்வி சுமந்து போட்டது. தமிழ்மொழி தவழ்ந்துகொண்டிருந்த காலம். வயலில் வேலை இல்லாததால் செல்வி சித்தாளாகப் போனாள். சிமெண்ட் கலவை நிறைந்த இரும்புப் பாண்டைத் தலையில் வைத்து, கேட்டிலிருந்து கொடிக்கம்பம் வரைக்கும் நடையோ நடை. தளம் காய்ந்து வெளுத்த அன்று, மேஸ்திரி பார்க்காத நேரத்தில் நடுவில் போய்க் கொஞ்ச நேரம் சும்மா நின்றுவிட்டு வந்தாள். மகள் பள்ளியில் சேர்ந்த முதல் நாள் அந்த இடத்தைக் காட்டி, "இது ஒங்கம்மா போட்டதுடி" என்றாள்.

ஆகவே, அந்தத் தளத்தை உடைக்கப் போகிறோம் என்று சுருட்டிய படத்தோடு ஒரு பெண் வந்து நின்றபோது செல்விக்கு வந்த கோபத்தில் நியாயம் இருந்தது.

வந்தவள் பெயர் தேவிப்ரியா. கள்ளக்குறிச்சி டவுன்காரி. கட்டடம் வடிவமைக்கிற படிப்புப் படித்தவள். அரசுப் பள்ளி முற்றங்களை மரமும் மண்ணுமாக மாற்றித் தருகிற ஒரு குழுவில் வேலை. பிள்ளைகளோடு உட்கார்ந்து, உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டுக் கேட்டு அந்தப் படத்தை வரைந்திருந்தாள். நடுவில் நிழல் மரங்கள். ஏறி இறங்க ஒரு மண்மேடு. மழைத்தண்ணீர் ஓடுவதைப் பிள்ளைகள் பார்க்க ஒரு சின்ன வாய்க்கால். வட்டமாக உட்கார்ந்து பாடம் படிக்கக் கற்கள். வண்ணத்துப்பூச்சி வருகிற செடிகள். தலைமையாசிரியர் ஜெயப்பிரகாஷுக்கு அந்தப் படத்தைப் பார்த்ததிலிருந்து கால் தரையில் பாவவில்லை.

பள்ளி மேலாண்மைக் குழுவுக்குச் செல்விதான் தலைவி. வேறு யாரும் முன்வராததால் வந்த பதவி. ஆனால் வந்தபிறகு விட்டுக்கொடுக்கிறவள் இல்லை அவள்.

"இன்னாம்மா இது? நல்லா இருக்கற தரைய ஒடச்சிட்டு மண்ணக் கொட்டப் போறீங்களா?" என்று கேட்டாள்.

"வெயில்ல தளம் கொதிக்குதுங்கக்கா. புள்ளைங்க வெளிய வரவே முடியல" என்றாள் தேவிப்ரியா.

"நாங்க மண்ணுலயேதான் கெடக்கறோம். எங்க புள்ளைங்களும் இஸ்கூல்ல வந்து மண்ணுலதான் கெடக்கணுமா? டவுன் புள்ளைங்களுக்கு டைல்ஸு, எங்களுக்கு மண்ணா?"

தேவிப்ரியா படத்தைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அன்றைக்குப் பேச்சு அத்தோடு முடிந்தது.

செல்வி மனசு மாறியது வேறு காரணத்தால். பங்குனி வெயிலில் ஒரு நடுப்பகலில், களை எடுத்துவிட்டு அந்த வழியாக வந்தவள் கேட்டுக்கு வெளியே நின்றாள். சாப்பாட்டு மணி அடித்திருந்தது. பிள்ளைகள் தட்டைத் தூக்கிக்கொண்டு தளத்தைத் தாண்டி ஓடினார்கள். ஓட்டம் இல்லை அது. தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தால் துள்ளுமே, அப்படி. தமிழ்மொழி பாதிவழியில் நின்று ஒரு காலை மற்றக் காலின் மேல் வைத்துக்கொண்டாள். சாயங்காலம் வீட்டில் பாதத்தைத் திருப்பிப் பார்த்தால் கொப்புளம். "தெனமும் இப்படித்தாம்மா" என்றாள் குழந்தை, புகார் சொல்கிற குரலே இல்லாமல்.

மறுநாள் செல்வி தலைமையாசிரியரிடம் போனாள். "ஒடைங்க சார். ஆனா அள்ளறதுக்கு வேற ஆளு வேணாம். போட்டவளே அள்ளிக் கொட்டிட்டுப் போறேன்" என்றாள்.

கோடை விடுமுறையில் வேலை தொடங்கியது. தளம் உடைக்கிற மின்சார மிஷினோடு மலைமேலிருந்து இருசப்பன் வந்தான். கல்வராயன் மலையில் உள்ளடங்கிய ஒரு ஊர்க்காரன். பஸ் இறங்கி வந்து, வேலை முடிகிறவரைக்கும் பள்ளி வராந்தாவிலேயே தங்கிக்கொண்டான். அதிகம் பேசமாட்டான். செல்வியை அக்கா என்பான், அதற்குமேல் ஒரு சொல் வாங்குவது கஷ்டம். அவன் உடைக்க உடைக்க, செல்வி துண்டுகளைப் பாண்டில் அள்ளிக் காம்பவுண்டு ஓரம் கொட்டினாள். தேவிப்ரியா குடையைப் பிடித்துக்கொண்டு எங்கே மேடு, எங்கே வாய்க்கால் என்று சுண்ணாம்பால் கோடு போட்டபடி இருந்தாள். பிள்ளைகள் வேடிக்கை பார்க்க வந்துவிடுவார்கள் என்று கேட்டைச் சாத்திக் கொக்கி போட்டிருந்தார்கள். அப்படியும் கேட்டுக் கம்பிகளுக்கு வெளியே ஒரு கூட்டம், அதில் தமிழ்மொழியும்.

ஓரங்களெல்லாம் முடிந்து, நடுப்பகுதிக்கு இருசப்பன் மிஷினைத் தூக்கிக்கொண்டு போனான். அந்த நடுவில் வருஷா வருஷம் மழைக்குப் பிறகு ஒரு விரிசல் விழும். தண்ணீரில் கரைத்த சிமெண்ட் பால் ஊற்றி அடைப்பார்கள். மறுபடி விழும். பெண் பிள்ளைகளுக்கு அந்த விரிசல் வசதியாக இருந்தது. அதையே எல்லைக் கோடாக வைத்து, நொண்டியடித்துப் பாண்டி ஆடுவார்கள்.

செல்வி முதுகைத் திருப்பிக்கொண்டு பாண்டில் கல் அள்ளிக்கொண்டிருந்தாள். மிஷின் சத்தம் காதுக்குப் பழகிப்போயிருந்தது. திடீரென்று சத்தம் மாறியது. அடிவயிற்றிலிருந்து வருகிற உறுமல்போல் ஆழமாகி, யாரோ பெரிய துணியைக் கிழிப்பதுபோல் ஓர் ஒலி கேட்டது. திரும்பிப் பார்த்தாள்.

இருசப்பன் நின்ற இடத்தில் இருசப்பன் இல்லை.

தரையிலிருந்து தூசி எழும்பிக்கொண்டிருந்தது. மிஷினின் ஒயர் பாம்பு மாதிரி தரையில் இழுபட்டு ஓடி, வராந்தா சுவரில் மாட்டியிருந்த பிளக்கைப் பிடுங்கிக்கொண்டு அந்தத் தூசிக்குள் போய் மறைந்தது. அப்புறம் எங்கேயோ வெகு கீழே ஒரு தண்ணீர்ச் சத்தம்.

செல்விக்குக் கையிலிருந்த பாண்டைக் கீழே வைக்கத் தோன்றவில்லை. எவ்வளவு நேரம் அப்படி நின்றாள் என்று அவளுக்கே தெரியாது. ஒரு மூச்சு நேரமாகவும் இருக்கலாம். தேவிப்ரியா வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள், அவள் குடை காற்றில் உருண்டுகொண்டிருந்தது. கேட்டுக்கு வெளியே பிள்ளைகள் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

தூசி சற்று அடங்கியதும் இரண்டு கைகள் தெரிந்தன. பாதி மக்கிய ஒரு பனைமரத் துண்டைக் கக்கத்தில் கொடுத்து இருசப்பன் தொங்கிக்கொண்டிருந்தான். அவனைச் சுற்றிலும் வெற்றிடம். அவன் முகம் மேலே பார்த்தபடி இருந்தது, ஆனால் யாரையும் பார்க்கவில்லை.

"யாரும் கிட்ட வராதீங்க!" என்று கத்தியது தன் குரல்தான் என்பது செல்விக்குப் பிறகுதான் உறைத்தது. "தரை எறங்கும்! சார், கயிறு! கயிறு இழுக்கற போட்டிக்கு வெச்சிருக்கோமே, அந்தக் கயிறு!"

வராந்தாவில் நின்ற ஜெயப்பிரகாஷ் சார் ஓடினார். ஓய்வு பெறுகிற வயதில் மனிதர் அப்படி ஓடுவார் என்று யாரும் நினைத்ததில்லை. சாமான் அறையிலிருந்து அந்தத் தடித்த கயிற்றை இழுத்துக்கொண்டு வந்தார். செல்வி வயிறு தரையில் படும்படி குப்புறப் படுத்தாள். படுத்து, ஊர்ந்து, ஊர்ந்து, அந்த விளிம்புவரைக்கும் போனாள். தன் வயிற்றுக்குக் கீழே இருப்பதும் உடைந்து விழுந்த அதே மெல்லிய சிமெண்ட்தான் என்பது அவளுக்குத் தெரிந்தது. ஆனாலும் ஊர்ந்தாள்.

"தம்பி, கயித்தப் பாரு. என்னப் பாக்காத, கயித்தப் பாரு. ஒரு கையை வுடு. ஒண்ணே ஒண்ணு."

அவன் விடவில்லை. விரல்கள் மரத்தோடு மரமாக ஒட்டிக்கொண்டிருந்தன. செல்வி சுருக்குப் போட்டு வீசினாள். விழவில்லை. இன்னொரு தரம் வீசினாள். மூன்றாவது தரம் அவன் தலைவழியாகத் தோளில் விழுந்தது. அவன் ஒரு கையை எடுத்து உள்ளே நுழைத்தபோது பனைமரம் நறநறவென்றது. கேட்டைத் திறந்துகொண்டு ஓடிவந்த பெரியவர்கள் ஏழெட்டுப் பேர் தூரத்தில் நின்றே கயிற்றைப் பிடித்தார்கள். "இழுங்க!" என்றாள் செல்வி. இழுத்தார்கள். இருசப்பனின் நெஞ்சு விளிம்பில் உரசி, சட்டை கிழிந்து, தோல் வழன்று, ஆள் மேலே வந்தான். அவன் கால் விளிம்பைத் தாண்டியதுதான் தாமதம், பனைமரம் முறிந்து உள்ளே போயிற்று. அதன் சத்தம் கேட்க வெகு நேரம் ஆனதுபோல் எல்லாருக்கும் இருந்தது.

அவனை வராந்தாவில் சாய்த்து உட்கார வைத்தார்கள். தண்ணீர் கொடுத்தால் விழுங்கத் தெரியவில்லை, வாயோரம் வழிந்தது. செல்வியின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு சொன்னான்.

"அக்கா, கீழ ஒண்ணுமே இல்லக்கா."

அது கிணறு. சுற்றிலும் கருங்கல் கட்டிய பழைய ஏற்றக் கிணறு. வாயின் குறுக்கே பனைமரங்களைப் போட்டு, அதன்மேல் கல்பலகைகளைப் பரப்பி, அதன்மேல் மண்ணைத் தள்ளி மூடியிருக்கிறார்கள். மரங்கள் மக்கிப் பலகைகள் ஒவ்வொன்றாக எப்போதோ உள்ளே விழுந்திருக்கின்றன. மண்ணும் மெல்ல மெல்ல வடிந்து இறங்கியிருக்கிறது. கடைசியில் அந்த வாயை மூடியிருந்தது சிமெண்ட் தளம் மட்டும்தான். நான்கு விரல் கனம். கம்பிகூட இல்லை.

தேவிப்ரியா ஒரு ஜல்லிக்கல்லை எடுத்து உள்ளே போட்டாள். ஏன் போட்டாள் என்று அவளுக்கும் தெரிந்திருக்காது. எல்லாரும் காதைக் கொடுத்து நின்றார்கள். சத்தம் வந்தபோது ஒரு பொம்பளை "ஐயோ மாரியாத்தா" என்று கீழே உட்கார்ந்துவிட்டாள்.

செல்வி அழவில்லை. அவளுக்கு அந்த இடத்தில் பிள்ளைகள் தெரிந்தார்கள். காலைப் பிரார்த்தனைக்கு வகுப்பு வகுப்பாக வரிசை கட்டி நிற்கிற பிள்ளைகள். சுதந்திர தினத்தன்று மிட்டாய்க்கு முண்டுகிற பிள்ளைகள். விரிசலுக்கு இந்தப் பக்கம் ஒரு கால், அந்தப் பக்கம் ஒரு கால் என்று நொண்டி அடிக்கிற பிள்ளைகள். நொண்டி அடித்தால் ஒரே காலில் மொத்தப் பாரமும் விழுமே என்று நினைத்தாள். நினைத்ததும் கேட்டை நோக்கி நடந்தாள். தமிழ்மொழியைத் தூக்கி, இத்தனை பெரிய பெண்ணை இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"அம்மா, வலிக்குது. ஏம்மா இப்டி நசுக்கற?" என்றாள் மகள்.

செல்வி பிடியைத் தளர்த்தவில்லை.

ஜெயப்பிரகாஷ் சார் கொடிக்கம்பத்தின் அடியில் உட்கார்ந்திருந்தார். யாரையும் பார்க்காமல் பேசினார். "பின்னால நிக்கிறவனுக்குக் கேக்காதுன்னு, எல்லாரும் நடுவுல நெருக்கி நில்லுங்கடான்னு சொல்லுவேன். நெருக்கி நில்லுங்கடான்னு நான்தான் சொல்லுவேன்." அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். யாரோ அவர் நெஞ்சைத் தடவிக் கொடுத்தார்கள். அன்றைக்கே அவருக்கு ரத்த அழுத்தம் ஏறி கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் படுக்க வைத்தார்கள்.

சாயங்காலத்துக்குள் செய்தி ஊர் முழுக்கப் பரவியது. அந்த நிலத்தைப் பள்ளிக்கு எழுதிக் கொடுத்தது கண்ணாயிரத்தின் தகப்பனார். கண்ணாயிரத்துக்கு இப்போது எழுபதுக்கு மேல் வயது. ஊரில் பாதி வயல் அவருடையது. செல்வி வருஷத்தில் முக்கால்வாசி நாள் கூலிக்குப் போவது அவர் கொல்லைக்குத்தான். மொபெட்டை நிறுத்திவிட்டு உள்ளே வந்தவர், கயிறு கட்டியிருந்த எல்லையில் நின்று அந்தக் குழியைப் பார்த்தார். பார்த்தவர் அப்படியே மண்ணில் உட்கார்ந்தார்.

"கெணத்தத் தூத்தாச்சுன்னுதான் அப்பா சொன்னாரு. அப்ப அது வத்திக் கெடந்த கெணறு, நான் சின்னப்பையன். தூத்தாச்சுன்னா ரொப்பிட்டாங்கன்னுதானே நெனப்பேன்? மூடி வெச்சிருந்தாங்கன்னு எனக்கு எப்படிங்க தெரியும்?" என்று கேட்டார். யாரிடம் கேட்டார் என்று புரியவில்லை.

செல்வி அதுவரைக்கும் அவர் முன்னால் குரலை உயர்த்திப் பேசியதில்லை. அவர் கொல்லையில் வரப்பில் நிற்கும்போதுகூட ஒதுங்கி வழிவிடுகிறவள்.

"ஐயா, ஒங்க பேரப்புள்ளைங்க டவுன் இஸ்கூலுக்கு வேன்ல போச்சுங்க" என்றாள். "இது மேல நின்னது எல்லாம் எங்க புள்ளைங்க. நான் நின்னேன். இங்கதான் நானும் அஞ்சாவது வரைக்கும் படிச்சேன். அப்பறம் பாண்டு பாண்டா கலவைய இது மேலதான் சொமந்துக்கினு போனேன். எம் பொண்ணு இது மேல நொண்டி ஆடினா."

கண்ணாயிரம் தலையை நிமிர்த்தவில்லை. துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார், எழுந்தார், மொபெட்டை ஸ்டார்ட் செய்ய மறந்து தள்ளிக்கொண்டே போனார்.

அன்றைக்கு ஆலையிலிருந்து வந்த சின்னராசு விஷயத்தைக் கேட்டுவிட்டு வீட்டுக்குள்கூட வராமல் பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். சோற்றைப் பிசைந்தான். வாயில் வைக்கவில்லை. "நம்ம புள்ள" என்றான். மறுபடி, "நம்ம புள்ள" என்றான். தட்டை நகர்த்திவிட்டுக் கை கழுவினான்.

அந்த வாரமே பெற்றோர் கூட்டம் போட்டார்கள். ஒன்றிய அலுவலகத்திலிருந்து பொறியாளர் ஒருவர் வந்திருந்தார். முற்றத்தில் உட்கார ஒருவருக்கும் தைரியம் இல்லை. ஊர்க் கோயில் முன்னால் வேப்பமரத்தடியில் உட்கார்ந்தார்கள். தேவிப்ரியா ஓர் ஓரமாக நின்றாள். அவள் படத்தை எடுத்து வரவில்லை.

பொறியாளர் மரியாதையாகத்தான் பேசினார். கிணற்றை முறையாக நிரப்பிவிடலாம், அதன்மேல் கம்பி கட்டி கெட்டியாகக் கான்கிரீட் போட்டுவிடலாம், பிறகு பயமே வேண்டாம் என்றார். எல்லாருக்கும் அதுதான் சரி என்று பட்டது. கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்து, சம்மதம் என்பதுபோல் அடங்கியது. ஆயம்மாள் என்று ஒருத்தி, இரண்டு பேரப்பிள்ளைகளை அந்தப் பள்ளிக்கு அனுப்புகிறவள், தேவிப்ரியாவைக் கைகாட்டிச் சொன்னாள்:

"எல்லாம் இந்தப் பொண்ணு வந்து மண்ணக் கௌறினதாலதான். கௌறாம வுட்டிருந்தா அது பாட்டுக்குக் கெடந்திருக்கும்."

தேவிப்ரியாவின் முகம் வெளுத்தது. உண்மையில் அந்த நாளுக்குப் பிறகு அவளும் சரியாகத் தூங்கவில்லை. அந்த இடத்தில்தான் மண்மேடு என்று வரைந்திருந்தாள். லோடு லோடாக மண்ணை அந்த நான்கு விரல் சிமெண்டின் மேலேயே கொட்டிவிடலாம், உடைக்கிற செலவு மிச்சம் என்று முதலில் ஒரு யோசனையும் இருந்தது. அதைச் செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

செல்வி எழுந்தாள். மண் வேண்டாம் என்று ஊரறியச் சண்டை போட்டவள் அவள். அவளும் கான்கிரீட்டைத்தான் கேட்பாள் என்று எல்லாரும் காத்திருந்தார்கள்.

"அது பாட்டுக்குக் கெடந்திருக்காது ஆயம்மாக்கா" என்றாள். "வருஷா வருஷம் விரிசல் வுட்டுது. நாம சிமெண்ட் பால ஊத்தி ஊத்தி மூடினோம். என்னிக்காவது ஒரு நாளு அது வாயத் தொறந்திருக்கும். புள்ளைங்க நிக்கும்போது தொறந்திருக்கும். லீவுல, கேட்டைச் சாத்தி வெச்சிருக்கும்போது தொறந்துச்சே, அதுக்குத்தான் நான் கும்புடறேன்."

செல்வி பொறியாளர் பக்கம் திரும்பினாள்.

"இந்தத் தளத்தப் போட்டவ நான். ஒடைக்கும்போது எனக்கு வயிறு எரிஞ்சுது. இப்ப சொல்றேன், இனிமே எம் பொண்ணு நிக்கிற எடத்துல மேல ஒண்ணும் பூசாதீங்க. கீழ இன்னா இருக்குதுன்னு நான் கண்ணால பாக்கணும். மண்ணுன்னா கடப்பாரைய வுட்டுக் குத்திப் பாத்துக்கலாம். சிமெண்ட குத்திப் பாக்க முடியாது."

பொறியாளர் பிறகு தேவிப்ரியாவின் பக்கம் திரும்பி, "நிரப்பினதுக்கு அப்புறம் மழைத்தண்ணிய அதுக்குள்ளயே விடற மாதிரி உங்க வாய்க்கால மாத்த முடியுமா?" என்று கேட்டார். அவள் தலையசைத்தாள். அப்போதுதான் அவள் கண்ணில் நீர் வழிந்தது.

கிணற்றை நிரப்பக் கல் வேண்டும் என்றபோது, யாரும் கேட்காமலே கண்ணாயிரத்தின் டிராக்டர் வந்து நின்றது. டிப்பர் நிறையப் பெரிய பெரிய குண்டுக்கற்கள். டிரைவர் கொட்டிவிட்டுப் போனான். மறுநாளும் வந்தது. அதற்கடுத்த நாளும் வந்தது. கண்ணாயிரம் மட்டும் வரவில்லை. அந்த மாதம் முழுக்கச் செல்வியை அவர் கொல்லைக்குக் கூலிக்கும் யாரும் கூப்பிடவில்லை. இரண்டும் ஒரே ஆளின் வீட்டிலிருந்து வந்தன. செல்வி முதலாவதற்காக நன்றி சொல்லவும் இல்லை, இரண்டாவதற்காகப் போய் நிற்கவும் இல்லை. வடக்கனந்தல் பக்கம் வேறு கொல்லைகளுக்கு ஷேர் ஆட்டோவில் போய் வந்தாள்.

கற்கள் கிணற்றுக்குள் விழுந்த சத்தத்தை ஊரே கேட்டது. முதல் நாள் தண்ணீரில் விழுந்த சத்தம். பிறகு கல்லின்மேல் கல் விழுகிற சத்தம். அது நாளுக்கு நாள் மேலே ஏறி வந்தது. அதன்மேல் ஜல்லி, அதன்மேல் மணல். சுற்றிலும் முழங்கால் உயரத்துக்குக் கற்களை வட்டமாகக் கட்டி, நடுவில் யாரும் நிற்காதபடி வெட்டிவேரும் நாணலும் வைத்தார்கள். கூரைத் தண்ணீரும் முற்றத்துத் தண்ணீரும் வளைந்து வளைந்து அங்கே வந்து இறங்குகிற மாதிரி தேவிப்ரியா வாய்க்காலை மாற்றி வரைந்தாள். மற்ற இடத்துச் சிமெண்டையெல்லாம் எடுத்த பிறகு செல்வி ஒரு கடப்பாரையோடு வந்தாள். காம்பவுண்டிலிருந்து காம்பவுண்டுவரை ஓரடி விட்டு ஓரடி குத்திப் பார்த்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த ஜெயப்பிரகாஷ் சாரும் ஒரு கம்பியை வைத்துக்கொண்டு அவள் பின்னாலேயே குத்திக்கொண்டு வந்தார். "அக்கா, ஒரு தடவை பாத்தாச்சுங்க" என்றாள் தேவிப்ரியா. "ரெண்டாவது தடவ பாக்கறோம்" என்றாள் செல்வி.

பள்ளி திறந்தது. புங்கனும் நாவலும் இடுப்பளவுக்கு நின்றன. இடம் மாற்றிப் போட்ட மண்மேட்டில் அருகம்புல் பிடிக்கத் தொடங்கியிருந்தது. பிள்ளைகள் கேட்டில் வந்து நின்றார்கள். ஒருத்தரும் உள்ளே கால் வைக்கவில்லை. விடுமுறையில் நடந்ததைக் கம்பிகளுக்கு வெளியிலிருந்து பார்த்த கண்கள் அவை. முன்னால் நின்ற தமிழ்மொழி அம்மாவின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "கீழ இருக்குதாம்மா?" என்று கேட்டாள்.

செல்வி செருப்பைக் கழற்றிக் கேட்டோரம் விட்டாள். உள்ளே போனாள். கல் வட்டத்துக்குப் பக்கத்தில், கிணறு இருந்த இடத்துக்கு ஒரு முழம் தள்ளி, வெறும் மண்ணில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். உட்கார்ந்து கையால் தரையைத் தட்டினாள். ஜெயப்பிரகாஷ் சார் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். பிறகு ஒரு பையன் வந்தான். அவனுக்குப் பின்னால் இரண்டு பெண் பிள்ளைகள் வந்தார்கள். தமிழ்மொழி கடைசியில்தான் வந்தாள், வாய்க்கால் ஓரமாகவே நடந்து.

ஆடி மாதத்தில் மலைமேல் இருட்டிக்கொண்டு முதல் பெரிய மழை பெய்தபோது, பிள்ளைகள் வராந்தாவில் வரிசையாக நின்று அந்தத் தண்ணீர் வளைந்து ஓடி நாணலுக்குள் இறங்குவதைப் பார்த்தார்கள். ஒரு சொட்டும் தேங்கவில்லை. எவ்வளவு ஊற்றினாலும் குடித்துக்கொண்டே இருந்தது. சிலர் கைதட்டினார்கள். சிலர் வெறுமனே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

செல்வியின் கால்கள் மட்டும் பழையபடி ஆகவில்லை. கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்தில் பஸ்ஸுக்கு நிற்கும்போது தன்னையறியாமல் குதிகாலால் தரையைத் தட்டிப் பார்க்கிறாள். ரேஷன் கடை வாசலில் தட்டுகிறாள். பக்கத்தில் நிற்கிறவர்கள் ஒரு மாதிரியாகப் பார்ப்பதும் அவளுக்குத் தெரியும். சொந்த வீட்டுச் சிமெண்ட் தரையைக்கூட ஒரு நாள் மூலைக்கு மூலை தட்டிப் பார்த்தாள். சின்னராசு சிரிக்கவில்லை. கட்டிலை நகர்த்திக் கொடுத்தான்.

புரட்டாசியில் ஒரு மத்தியானம், மலை பஸ்ஸிலிருந்து இறங்கி இருசப்பன் வந்தான். நெஞ்சில் அந்தத் தழும்பு சட்டைக் கழுத்துக்குள் தெரிந்தது. தளம் உடைக்கிற வேலைக்கு இப்போது போவதில்லையாம், மலையிலேயே கடுக்காய் பொறுக்கவும் ஆடு மேய்க்கவும் போகிறானாம். ஒரு கோணிப்பையில் ஈரமண்ணோடு நான்கு நெல்லிக் கன்றுகளைக் கொண்டுவந்திருந்தான். செல்விக்கு ஆள் சொல்லி அனுப்பினார்கள். அவள் கொல்லையிலிருந்து ஓடி வந்து பார்த்தால், அவன் பள்ளிக் கேட்டுக்கு வெளியே சாலையிலேயே நின்றுகொண்டிருந்தான். செல்வி கேட்டுக்குள் போய் நிற்க, அவன் கம்பிகளுக்கு நடுவே கையை விட்டுக் கன்றுகளை ஒவ்வொன்றாகக் கொடுத்தான்.

"உள்ள வாடா தம்பி. இப்ப எல்லாம் கெட்டியாயிட்டுது. வந்து பாரு, புள்ளைங்க ஆடிக்கினு இருக்குதுங்க."

இருசப்பன் கம்பி வழியாக உள்ளே பார்த்தான். மேட்டில் ஏறி உருண்டு இறங்குகிற பிள்ளைகளைப் பார்த்தான். கல் வட்டத்தைப் பார்த்தான்.

"இன்னொரு நாளு வரேங்கக்கா" என்றான்.

செல்வி வற்புறுத்தவில்லை. கேட்டைத் திறந்துகொண்டு வெளியே வந்து, அவன் பஸ் வரும்வரை சாலையோரம் அவனோடு நின்றாள்.